மூன்றாவதாக நின்ற கதிரை

ஃபாரூக் நானா என் படத்தின் மேல் இரண்டு கறுப்பு அட்டைகளை வைத்து, அந்த ஒற்றைச் செருப்பை மறைத்தார். எடுத்தார். மறுபடியும் மறைத்தார். எனக்கு உள்ளுக்குள் எரிந்துகொண்டு வந்தது. மறைப்பதென்றால் மறைத்துவிட வேண்டும், விடுவதென்றால் விட்டுவிட வேண்டும்.

கட்டுகஸ்தோட்டையில் அவருடைய ஸ்டூடியோவின் மேல்மாடி அது. பௌர்ணமிப் போயா விடுமுறை நாளின் பிற்பகல். கீழே கடை மூடியிருந்தது. மேசையில் மூன்று கோப்பை பால் விடாத பிளேன்டி, ஒரு தட்டில் சீனிச் சம்பல் வைத்த பணிஸ், நடுவில் என் கறுப்பு வெள்ளைப் படம்.

படத்தில் என்ன இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஹுன்னஸ்கிரியச் சந்திக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பாதையோரம். விடிகாலைப் பனிமூட்டம். பூட்டிய கடையொன்றின் பக்கச் சுவர். அந்தச் சுவரோரமாக, யாரோ வேண்டாமென்று விட்டுப்போன சாமான்கள். மூடியில்லாத பெயின்ட் வாளி, கல் வைத்த ஒற்றைச் செருப்பு, ஒரு செங்கல், துணி போய்க் கம்பி மட்டும் மிஞ்சிய குடை, அடி கிழிந்த கொழுந்துக் கூடை, கைப்பிடி இல்லாத கேத்தல், இப்படிப் பத்துச் சாமான்கள். பதினோராவதாக, எல்லாவற்றுக்கும் கடைசியில், பனிக்குள் பாதி கரைந்து நிற்கிற ஒரு கை உடைந்த பிளாஸ்டிக் கதிரை.

'கைவிடப்பட்டவை' என்று பெயர் வைத்திருந்தேன். கண்டியில் ஒரு மண்டபத்தில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு அனுப்புவதாக இருந்தேன். அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்பதுதான் இந்த வாரத்துக் கதை.

இடையில் ஒன்று. போன வாரம் பாலத்தில் என் குடை பறந்த கதையை எழுதியதைப் படித்துவிட்டு என் மச்சாள் தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். உன் கதையில் வருகிறவர்கள் எல்லாரும் மடையர்கள், நீ மட்டும் கெட்டிக்காரி, அது எப்படி என்று கேட்டாள். இந்த வாரம் அவள் சந்தோஷமாகப் படிக்கலாம்.

வாய் திறக்கக் கூடாது

எங்களுடையதைச் சங்கம் என்று சொல்லிக்கொள்வோம். ஆள் மூன்றே பேர்.

ஃபாரூக் நானா அடையாள அட்டைப் படமும் கடவுச்சீட்டுப் படமும் எடுத்தே தலை நரைத்தவர். தெருவில் யாருடன் பேசினாலும், எதிரில் நிற்பவரின் தாடை நேராக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். மகேஸ் மாஸ்டர் யாழ்ப்பாணத்திலிருந்து கணிதம் படிப்பிக்க வந்து, ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பாதவர். என்னைவிட நாலு வயது மூத்தவர். ஆனாலும் என்னைச் சீண்டுவதற்கென்றே 'ஸ்டெல்லா அக்கா' என்பார். மூன்றாவது ஆள் நான். அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். கனடாவுக்குப் போன சக ஊழியர் ஒருத்தி விட்டுப்போன கமராவால் இந்தப் பைத்தியம் பிடித்தது.

சங்கத்துக்கு ஒரேயொரு விதி. படம் எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. மற்ற இருவரும் பார்த்து, பேசி, வெட்டி, ஒட்டி, கழுவி ஊற்றி முடிக்கும் வரை கம்மென்று இருக்க வேண்டும். விளக்கம் சொல்லித்தான் விளங்க வேண்டுமென்றால் அது படமே இல்லை என்பது நானாவின் கட்சி.

இந்த விதியை என்னை மனதில் வைத்துத்தான் போட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் என் படத்தின் முறை வரும்போதெல்லாம் வாயில் ஒரு பணிஸை வைத்துக்கொள்வேன்.

அன்றைக்கு ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. கதிரையைப் பார்த்து நானா உருகிப்போனார்.

"இந்தக் கதிர மிச்சம் ஷோக்கா ஈக்கி மிஸ். வாளியில தொடங்கின கண்ணு அப்படியே ஒவ்வொண்டாப் பார்த்துட்டுப் போய், பனியில நிக்கிற கதிரையில முடியுது."

பிறகு குறைகளை எடுத்தார். வலது ஓரத்தில் பாதி மின்கம்பம் நிற்கிறது, அதை வெட்ட வேண்டும். அட்டையை வைத்துக் காட்டினார், சரிதான், கம்பம் போனதும் படம் மூச்சு விட்டது. பனி ஒரேயடியாக வெள்ளையாக இருக்கிறது, காகிதத்தின் வெள்ளைக்கும் பனியின் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அதற்குள் கொஞ்சம் சாம்பல் கொண்டுவர வேண்டும். செருப்பு கரிக்கட்டி மாதிரி இருக்கிறது, அதைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினால் வாரின் தேய்மானம் தெரியும். இல்லாவிட்டால் செருப்பையே எடுத்துவிடலாமா? அங்கேதான் அட்டை வைப்பதும் எடுப்பதுமாக மாட்டிக்கொண்டு நின்றார்.

மாஸ்டர் தேநீரை ஆற்றிக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மஞ்சள் சட்டை

இதை ஏன் கறுப்பு வெள்ளையாக்கினேன் என்று கேட்பீர்கள். கமராவில் எடுத்தது நிறத்தில்தான். ஆனால் வாளி செம்மஞ்சள், செருப்பு ரோஸ், கதிரை பளிச்சென்ற நீலம். தேர்த் திருவிழாக் கடை மாதிரி இருந்தது. நிறத்தைக் கழுவியதும் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிட்டன.

எனக்குக் கறுப்பு வெள்ளையில் ஒரு பழைய விசுவாசம் உண்டு. நான் பிறந்தது அதே ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளில் எல்லாச் சிறுமிகளும் வெள்ளைச் சட்டை. எனக்கு மட்டும் மங்கலான மஞ்சள். பெரியம்மாவின் மகள் வேறெதற்கோ தைத்துப் போட்ட சட்டை அது. நாப்தலின் உருண்டை வாசம் கோயில் முழுக்க என்னைத் தொடர்ந்து வந்தது. பூசை நேரம் பூராவும் குனிந்த தலை நிமிரவில்லை. பக்தி என்று எல்லாரும் நினைத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் படம் வந்தது. பன்னிரண்டு சிறுமிகள், பன்னிரண்டு வெள்ளைச் சட்டை. என் சட்டையும் வெள்ளை. அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டத்தில் அம்மா அடிக்க வந்துவிட்டார்.

அன்றிலிருந்து படம் என்பது உள்ளதைவிட நன்றாக இருக்கலாம் என்று ஒரு எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. அதில் ஒரு தப்பும் இருப்பதாக எனக்குப் படவில்லை.

வெள்ளைத் திட்டு

மேல்மாடிக்கு வருவோம். நானா செருப்பை விட்டுவிட்டு அதற்கு அடுத்த இடத்தில் விரலை வைத்தார். செருப்புக்கும் செங்கலுக்கும் நடுவில் கொஞ்சம் பெரிய இடைவெளி. அதில் நிலம் வெளிறிக் கிடந்தது.

இந்த வெள்ளைத் திட்டுத்தான் படத்துக்கு வினை என்றார். கண் கதிரைக்குப் போகாமல் இதில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இதைக் கறுப்பாக்கிவிட்டால் வேலை முடிந்தது, ஐந்து நிமிடம் போதும் என்று கணினியைத் திறந்தார்.

அப்போதுதான் மாஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு படத்தில் முட்டுகிற அளவுக்குக் குனிந்தார்.

"பொறுங்கோ நானா. அழிக்க முன்னம், அது ஏன் வெள்ளையா இருக்கு எண்டு பாப்பம்."

மாஸ்டர் தன்பாட்டில் வகுப்பு எடுப்பதுபோலச் சொல்லிக்கொண்டே போனார். வாளியின் விளிம்பில் நீர்த்துளி இருக்கிறது. குடைக் கம்பியில் துளி தொங்குகிறது. செங்கல் நனைந்து கறுத்திருக்கிறது. ஆகவே இரவு தூறியிருக்கிறது. சுற்றிலும் மண் ஈரம், இந்த ஒரு சதுரம் மட்டும் காய்ந்து வெளிறிக் கிடக்கிறது. ஆகவே இதன் மேல் இரவு முழுக்க ஏதோ நின்றிருக்கிறது. சரி, கடைசியில் இருக்கிற கதிரைக்குக் கீழே பாருங்கள். அங்கே மண் ஈரம்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கதிரைக்கு விடியற்காலையில் கால் முளைத்துவிட்டதா, ஸ்டெல்லா அக்கா என்று கேட்டார்.

பணிஸை விழுங்கினேன். விதி கிடக்கட்டும் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். ஆமாம், நான்தான் நகர்த்தினேன். கதிரை செருப்புக்கு அடுத்ததாக, மூன்றாவதாக நின்றது. அங்கே நின்றால் பின்னாலிருக்கும் எல்லாவற்றையும் மறைத்தது. அதனால் தூக்கிக்கொண்டு போய்க் கடைசியில் வைத்தேன். நகர்த்துவதற்கு முன் எடுத்த படமும் இருக்கிறது, பாருங்கள், எவ்வளவு மோசம் என்று பையிலிருந்து அதையும் எடுத்துப் போட்டேன்.

நானாவின் முகம் சுருங்கிவிட்டது. வைத்து எடுக்கிற வேலை ஸ்டூடியோவுக்குத்தான், ரோட்டில் கிடப்பதைக் கிடந்தபடி எடுக்க வேண்டும் என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. குப்பையைத் தொட யாரிடம் அனுமதி கேட்பது? மாநகர சபையிடமா? நீங்கள் மட்டும் மண்ணைக் கறுப்பாக்கலாம், நான் கதிரையை நகர்த்தக் கூடாதா? அவர் ஏதோ சொல்ல, நான் ஏதோ சொல்ல, பிளேன்டி ஆறிப்போனது.

மாஸ்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் சண்டையை அவர் காதில் வாங்கவே இல்லை.

"குப்பையெண்டால் குவிஞ்சு கிடக்கும். இது ஏன் வரிசையாக் கிடக்குது?"

நானா படத்தைப் பார்த்தார். நான் பார்த்தேன். அப்படி வரிசையாகச் சாமான் வைத்த காலம் ஒன்று எங்களுக்கும் இருந்தது.

பெயர் எழுதிய கல்

அந்த நாட்களை இலங்கையில் யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காக மட்டும் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு மேல் இருக்கும். நாட்டில் எண்ணெய் இல்லை, கேஸ் இல்லை, மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. எதற்கும் வரிசை. ஆள் நின்று மாளாது என்பதால் சாமானை நிறுத்திவிட்டுப் போவோம்.

நானே நிறுத்தினேன். எங்கள் ஒழுங்கையில் கேஸ் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று கட்டிவிட்டிருந்தோம். சங்கிலி முடிந்த இடத்தில் இடம் பிடிக்க நான் ஒரு கல்லை வைத்து, அதில் நகப்பூச்சால் 'ஸ்டெல்லா' என்று எழுதினேன். அந்தக் கல்லை யாரோ அரை அடி பின்னால் தள்ளிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து நான் போட்ட சத்தம் மகாவலி ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். அப்படிப்பட்ட நான்.

அதே மாதங்களில்தான் இந்தப் படம் எடுத்ததும். ஹுன்னஸ்கிரியவில் பெரியம்மாவின் மகள் இறந்த முப்பதாம் நாள் பூசைக்குப் போயிருந்தேன். மறுநாள் விடிய, வருமோ வராதோ என்ற பஸ்ஸுக்காகப் பாதையில் வந்து நின்றேன். ஒரு மணித்தியாலம் நின்றேன். மனுஷ வாடையே இல்லை. தோட்டத்துச் சனம் எல்லாம் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக்குப் போயிருந்த நேரம். பனி, ஈர மண் வாசம், பூட்டிய கடை, அதன் ஓரத்தில் உடைசல் சாமான்கள்.

எங்கள் பக்கத்து வரிசை சிலிண்டரும் சங்கிலியுமாக இருக்கும். நல்ல சாமானை ரோட்டில் விட்டால் களவு போகும், அதனால் யாரும் தொடாத உடைசலாகப் பார்த்து வைப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பதினொரு பேர் முதல் நாள் பொழுதுபடுவதற்குள் வந்து பிடித்துவைத்த இடங்கள் அவை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கோணம் ஒன்றுதான். கதிரையைத் தூக்கியபோது அதன் இருக்கையில் தேங்கிய தண்ணீர் என் சப்பாத்துக்குள் கொட்டியது. சனியன் என்று திட்டிவிட்டுத்தான் கொண்டுபோய் வைத்தேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

அந்தக் கதிரையின் சொந்தக்காரருக்கு அன்று என்ன ஆனது? அந்தப் போயாவிலிருந்து இந்த ஒரு கேள்விதான். அலுவலகத்தில் கோப்பைத் திறந்தால் அதற்குள்ளும் அதுவே. சும்மா கிட, ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், பாதி பயம், பாதி ஆவல். அந்தச் சாமான்கள் ஒவ்வொன்றும் யாருடையது என்று தெரிந்துகொள்ள மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

ஆளுக்கொரு பெயர்

அடுத்த சனிக்கிழமை இரண்டு படங்களையும் தடித்த உறையில் வைத்துக்கொண்டு கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் மஹியங்கனை பஸ் ஏறினேன். தெல்தெனிய தாண்டி மலை ஏறும்போது காது அடைத்தது. பக்கத்தில் இருந்தவர் தோடம்பழம் உரித்தார், பஸ் முழுக்க அந்த வாசம்.

கடை இப்போது திறந்திருந்தது. முதலாளியிடம் ஒரு சோடா வாங்கிக்கொண்டு, நல்ல படத்தை, அதாவது நானா சொன்னபடி திருத்திய, கதிரை கடைசியில் நிற்கிற படத்தை எடுத்துக் காட்டினேன். மனுஷன் ஒரு கணம் பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். வாங்க வாங்க, நம்ம எண்ணெய் வரிசையைப் பாருங்க என்று பாண் வாங்க வந்தவர்களை எல்லாம் கூப்பிட்டார்.

ஐந்து நிமிடத்தில் என்னைச் சுற்றி ஏழெட்டுப் பேர். நிறமே இல்லாத படத்தில் ஒவ்வொரு சாமானையும் ஆள் பெயரோடு சொன்னார்கள். வாளி வாச்சர் வீட்டுடையது, அவர் எப்போதும் முதல் ஆள். கேத்தலைக் கண்டதும் ஒருவர், ஐயோ இது என்னோடது, பிறகு தேடினேன், கிடைக்கவில்லை என்றார். குடைக்குச் சொந்தக்காரர் கொழும்புக்குப் போய்விட்டாராம். 'கைவிடப்பட்டவை' என்று நான் பெயர் வைத்த படத்தில் ஒரு சாமான்கூட அநாதை இல்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வந்த காரியத்தையே கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன்.

அப்போது முதலாளி, அந்தா கதிரைக்காரியே வருது என்றார்.

பீலியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். பெயர் ஜெசிந்தா. சேலை முந்தானையைப் பிடித்தபடி மூன்று வயதுப் பெண்குழந்தை. குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் படத்தை வாங்கிப் பார்த்தாள். மற்றவர்கள் மாதிரி அவள் சிரிக்கவில்லை.

"நான் சொன்னேன்ல?" என்று சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். "மூணாவதா வச்ச கதிர கடைசில கெடக்கு பாருங்க. அப்ப யாராவது நம்புனீங்களா?"

பிறகு அவளே எனக்குச் சொன்னாள். அன்றைக்குக் குழந்தை நாலு மாதக் கைக்குழந்தை. மழையில் விறகு நனைந்துபோய், பால் போத்தல் அவிக்கக்கூட வழியில்லாமல் மண்ணெண்ணெய்க்குக் காத்திருந்தாள். அடுத்த காம்பரா வீட்டுச் சகாயமேரியும் அவளும் சேர்ந்துதான் முதல் நாள் வந்து இடம் பிடித்தார்கள். இவள் கதிரை மூன்றாவது, அவள் செங்கல் நாலாவது. காலையில் வந்து பார்த்தால் கதிரை கடைசியில். எட்டாவது ஆளோடு எண்ணெய் முடிந்துவிட்டது. சகாயமேரிக்குக் கிடைத்தது.

இவளுக்குப் பின்னால் இருந்தவள், இவளுக்கு முன்னால் வந்து நின்றவள். வேறு யார் நகர்த்தியிருப்பார்கள்? சகாயமேரி தன் எண்ணெயில் பாதியைப் போத்தலில் கொண்டுவந்து கொடுத்தாளாம். களவெடுத்த எண்ணெய் என் பிள்ளைக்கு வேண்டாம் என்று ஜெசிந்தா அதை வாசலில் ஊற்றிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞானத்தாயாக நிற்க வேண்டியவள் சகாயமேரி. சின்ன வயதிலிருந்தே பேசிவைத்தது அது, உனக்குப் பிள்ளை பிறந்தால் நான், எனக்குப் பிறந்தால் நீ என்று. சகாயமேரிக்குப் பிள்ளை இல்லை. ஜெசிந்தா தெல்தெனியவிலிருந்து புருஷனின் உறவுக்காரி ஒருத்தியைக் கூட்டிவந்து நிறுத்திவிட்டாள். நடுவில் ஒரே சுவர், மூன்று வருடமாக ஒரு பேச்சு இல்லை.

சோடாப் போத்தலைக் கடை மேசையில் வைத்தேன்.

"இந்தப் படத்த எனக்குக் குடுங்க," என்றாள் ஜெசிந்தா. "அவ மூஞ்சிக்கு நேரா நீட்டணும்."

நான் பதில் சொல்வதற்குள் படத்தை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். குடம் அங்கேயே இருந்தது. குழந்தை பின்னால் ஓடியது.

நல்ல படமும் கெட்ட படமும்

இப்போது நான் எழுதப்போவது எனக்குப் பெருமையில்லாத இடம். நான் அங்கேயே நின்றேன். பஸ் வருகிறதா என்று பாதையைப் பார்த்தேன். வந்திருந்தால் ஏறியிருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. கட்டுகஸ்தோட்டைக்காரி ஒருத்தி வந்து படம் காட்டிவிட்டுப் போனாள், அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

ஆனால் என் படம் அந்தப் பெண்ணின் கையில் சாட்சியாகப் போய்க்கொண்டிருந்தது. மின்கம்பத்தை வெட்டி, பனிக்குச் சாம்பல் கொடுத்து, பார்த்துப் பார்த்துத் திருத்திய படம். ஒரு குற்றமும் செய்யாதவளைக் குற்றவாளியாக்க அதைவிட நல்ல படம் எடுக்க முடியாது.

ஓடினேன். லயத்து வீட்டு வரிசைப் படிகளில் பாசி, இரண்டு முறை வழுக்கினேன். நான் போய்ச் சேர்ந்தபோது ஜெசிந்தா அடுத்த காம்பரா வாசலில் படத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். சகாயமேரி வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், சுளகை வைத்துவிட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, படத்தை நிதானமாகப் பார்த்தாள்.

ஆமாம், கடைசியில்தான் இருந்தது, நான் வைக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். மூன்று வருடம் முன்பும் அதையேதான் சொல்லியிருப்பாள் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. அதில் கெஞ்சல் இல்லை.

எங்கள் சங்கத்தில் படம் எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. அங்கே நான் திறந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன். நான்தான் நகர்த்தினேன். அது வரிசை என்று தெரியாது, குப்பை என்று நினைத்தேன். படத்துக்கு நன்றாக இருக்கும் என்று தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். இவங்க தொடவே இல்லை. சொல்லிக்கொண்டே உறையிலிருந்து கெட்ட படத்தை எடுத்தேன். கோணலாக எடுத்த படம், கம்பம் நடுவில் நிற்கிறது, கதிரை பின்னால் உள்ளதையெல்லாம் மறைத்துக்கொண்டு மூன்றாவது இடத்தில், செங்கலுக்கு முன்னால் நிற்கிறது.

அதைச் சகாயமேரியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"எனக்கு எதுக்குங்க? நான் நகத்தலேன்னு எனக்குத் தெரியும். அவளுக்குக் காட்டுங்க."

ஜெசிந்தா வாங்கினாள். ஒரு கையில் நல்ல படம், மறு கையில் கெட்ட படம். மாறி மாறிப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும், திட்டுக்குத் திட்டு எனக்குப் பழக்கம்.

"படம் நல்லா வந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா, ஞாபகம் இல்லை. பங்குச் சுவாமியாரிடம் நானே பேசுகிறேன் என்று ஏதோ உளறினேன். ஞானஸ்நானத்தை இரண்டாம் தரம் கொடுக்க மாட்டார்கள் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பதிவுப் புத்தகத்தில் இருக்கிற ஞானத்தாய், இருக்கிறவள்தான்.

கோழி ஒன்று வந்து சுளகில் வாய் வைத்தது. அதை விரட்ட யாருக்கும் தோன்றவில்லை. ஜெசிந்தா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

குழந்தை நடுவில் நின்று எங்களை மாறி மாறிப் பார்த்தது. சகாயமேரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாகச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழுகையையும் சிரிப்பையும் கேட்டவள். பிறகு மெல்லக் குந்தி உட்கார்ந்தாள்.

"மெரிஷா," என்றாள். "இங்க வாம்மா."

குழந்தை நகரவில்லை. அந்த வாசலுக்குப் போகக் கூடாது என்று சொல்லி வளர்த்த குழந்தை அது. அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, முகத்தைப் பார்த்தது.

ஜெசிந்தா திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"போ. ஒனக்கு அந்தப் பேர வச்சதே அவங்கதான்."